தொண்டைக்கு அனுப்பிய மாத்திரை

பாதுவா, இத்தாலி
6 பிப்ரவரி 2005, ஞாயிறு

வர்வரா அக்கா,

நலமா என்று கேட்கப் போவதில்லை. இன்று காலை இரண்டு தடவை போன் செய்தேன். முதல் தடவை "இப்ப பேச முடியாது" என்று வைத்தீர்கள். அடுத்த தடவை அதைக்கூடச் சொல்லாமல் வைத்தீர்கள். அதன் பிறகு மணி மட்டும் அடிக்கிறது, எடுக்க ஆளில்லை.

என் மகள் இலிங்காவுக்கு உடம்பெல்லாம் சிவந்து தடித்துக் கிடக்கிறது என்று நான் யாரிடமிருந்து தெரிந்துகொண்டேன் தெரியுமா? வேன் ஓட்டுகிற லாஸரிடமிருந்து. ரயில் நிலையத்துக்குப் பின்னால், பார்சல் கொடுக்க நம் ஊர்ப் பெண்கள் எல்லோரும் கூடி நிற்கிற இடத்தில். "ஸ்மரந்தா, உன் பொண்ணைப் பார்த்தேன், வேக வெச்ச நண்டு மாதிரி இருக்கா. உனக்கு யாரும் சொல்லலையா?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டான். சொன்னார்கள், சொன்னார்கள் என்று தலையாட்டினேன். பெற்றவளுக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது.

அவளுக்கு என்ன கொடுத்தீர்கள்? மாடுகளுக்கு என்று அலமாரியில் வைத்திருக்கிறீர்களே, அந்த மருந்து எதையாவது கொடுத்தீர்களா? சிரிப்புக்குக் கேட்கவில்லை. உங்கள் தம்பி, என் புருஷன், உயிரோடு இருந்தபோது அவர் முதுகு வலிக்கு நீங்கள் குதிரைத் தைலம் தேய்த்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அவளை உடனே யாஷ் நகரத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போங்கள். ஊர் டாக்டரிடம் வேண்டாம். லாஸர் வியாழக்கிழமை அங்கிருந்து கிளம்புவான், அவனிடம் பதில் கொடுத்தனுப்புங்கள். நான் கவனித்துக்கொள்கிற பியெரினா அம்மாளை இன்று குளிப்பாட்டும்போது கவனம் சிதறி, சோப்பு அவர் கண்ணில் பட்டுவிட்டது. எண்பது வயதுக்காரர் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். திட்டட்டும். என் பெண்ணைத் தொடுவதற்கு இருக்கிற கை வேறு யாரையோ குளிப்பாட்டுகிறது.

ஸ்மரந்தா

*

போயெனி
10 பிப்ரவரி 2005

ஸ்மரந்தா,

போனின் கம்பியை நான்தான் பிடுங்கினேன். போனில் நீ கத்துவாய், நான் கத்துவேன், யார் காதிலும் எதுவும் விழாது. தாளில் என்றால் நான் பேசி முடிக்கும்வரை நீ வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

மாட்டு மருந்து என்றா எழுதுகிறாய்? அதற்குப் பதில் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

உன் மகளுக்குத் தொண்டை வலி. தேன், எலுமிச்சை, உப்புத் தண்ணீர் எல்லாம் கொடுத்துப் பார்த்தேன். காய்ச்சல் இறங்கவில்லை. கழுத்தின் இரண்டு பக்கமும் வாதுமைக்கொட்டை கொட்டையாய்க் கட்டி. வாயைத் திறக்கச் சொன்னால் உள்ளே வெள்ளை வெள்ளையாய்ப் படிந்திருந்தது. எச்சில் விழுங்கவே அழுதாள். அப்போது நான் அலமாரியைத் திறந்து எடுத்தது மாட்டு மருந்தை அல்ல. நீ கிறிஸ்துமஸ் பார்சலில் காப்பித்தூளோடும் ஆலிவ் எண்ணெயோடும் அனுப்பினாயே, அந்த டப்பாவை. மேலே உன் கையெழுத்தில் "தொண்டைக்கு, மூன்று வேளை" என்று இருந்தது. மூன்று வேளையும் கொடுத்தேன். ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக்கூடாது என்று போனில் சொன்னதும் நீதான். ஒரு வாரம் ஆகும்போது வயிற்றில் சிவப்பாய்ப் புள்ளிகள். நிறுத்தவில்லை, கொடுத்தேன். மறுநாள் முதுகு, தோள், தொடை. அதற்கு அடுத்த நாள் முகம்கூட வீங்கி, புள்ளியோடு புள்ளி சேர்ந்து ஒரே செம்படலம். உள்ளங்கையைச் சொரிந்து சொரிந்து ரத்தம் வரவைத்துவிட்டாள். ராத்திரியில் அவள் கைகளுக்கு என் கம்பளிக் காலுறைகளை மாட்டிவிட்டேன்.

ஊர் டாக்டர், நேற்று முளைத்த பையன், வாசலில் நின்றபடியே "தட்டம்மை!" என்றான். "யாரும் இவ கிட்ட வராதீங்க!" என்று கத்தினான். உள்ளே வந்து தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மாத்திரை டப்பாவைக் காட்டினேன். உடனே பேச்சை மாற்றி, "அப்ப இது பென்சிலின் ஒவ்வாமை" என்று அவளுடைய மருத்துவ அட்டையில் சிவப்பு மையில் எழுதினான். தட்டம்மையா, ஒவ்வாமையா என்று கேட்டால், "ரெண்டுமா இருக்கலாம்" என்கிறான். தெரியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வராது.

அவன் கத்தியதை ஊரே கேட்டது. பள்ளிக்கூடத்தில் அவளை வர வேண்டாம் என்றுவிட்டார்கள். என்னிடம் பால் வாங்க ஒருத்தியும் வரவில்லை. எதிர்வீட்டு ப்ரொஃபீரா வேலிக்கு அந்தப்பக்கம் நின்று, "உங்க வீட்டுப் பாலை இப்ப யாரு குடிப்பா வர்வரா?" என்று கேட்டாள். கறந்ததையெல்லாம் பன்றிக்கு ஊற்றுகிறேன். நீ அனுப்பிய மாத்திரை என் மாடுகளுக்கும் சேர்த்துத் தீட்டுக் கொண்டுவந்துவிட்டது.

இனி என்னைக் குற்றம் சொல்லு பார்க்கலாம்.

வர்வரா

*

பாதுவா
13 பிப்ரவரி 2005

வர்வரா அக்கா,

சொல்லத்தான் போகிறேன்.

மாத்திரையை அனுப்பியது நான். மறுக்கவில்லை. பியெரினா அம்மாளின் மகன் பாதி சாப்பிட்டுவிட்டு வைத்த டப்பா அது. நல்ல மருந்து, வீணாகப் போகிறதே என்று எடுத்தேன். டாக்டர் சொன்னால் வாங்க அலைய வேண்டாமே என்றுதான் அனுப்பினேன். நீங்களே டாக்டராகிக்கொள்வதற்கு அல்ல. புள்ளி வந்த பிறகும் கொடுத்தேன் என்று எழுதுகிறீர்களே, அதை எழுதும்போது உங்கள் கை கூசவில்லையா? உங்கள் மாடு ஒன்று ஏதோ புல்லைத் தின்று வாயில் நுரை தள்ளினால், அதே புல்லை மறுபடி போடுவீர்களா?

தட்டம்மை இல்லை. கைக்குழந்தையாக இருந்தபோதே அவளுக்கு அதற்கான தடுப்பூசி போட்டாகிவிட்டது. இடுப்பளவு பனியில் அவளைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு நான்தான் போனேன். அதை அந்த டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் அன்று நீங்கள் என்னோடு பேசிக்கொண்டிருக்கவில்லை. எந்தச் சண்டை என்று எனக்கு நினைவில்லை. நமக்குள் எத்தனையோ.

நேற்று படுக்கையில் கிடந்தபடி ஒரே யோசனை. கையில் கிடைத்ததை எல்லாம் பார்சலில் போடுகிறேன். சாக்லேட், சட்டை, மாத்திரை. என்னை மட்டும் போட முடியவில்லை. இதைப் படித்து நீங்கள் உதட்டைச் சுழிப்பீர்கள் என்று தெரியும்.

யாஷுக்கு அழைத்துப்போங்கள் என்று எழுதினேன். போனீர்களா? அதற்கு உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. போகவில்லை என்றால் நேராக எழுதுங்கள். லாஸரிடம் சொல்லி நானே ஏற்பாடு செய்கிறேன்.

ஸ்மரந்தா

*

போயெனி
17 பிப்ரவரி 2005

ஸ்மரந்தா,

போனோம். உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே பஸ் பிடித்துப் போய்விட்டோம். நீ ஏற்பாடு செய்து நான் போக வேண்டிய நிலை இன்னும் வரவில்லை.

பெரிய ஆஸ்பத்திரி. தோல் டாக்டர் பெயர் அக்லாயா. நரைத்த தலை, ஆண்பிள்ளைக் குரல். அவள் இலிங்காவின் சட்டையைக் கழற்றச் சொல்லி, வெளிச்சத்தில் நிறுத்தி, முன்னும் பின்னும் பார்த்தாள். கழுத்துக் கட்டிகளை அமுக்கினாள். வயிற்றின் இடப்பக்கம் விலாவுக்குக் கீழே கை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னாள். ரத்தம் எடுத்தார்கள். சாயங்காலம்வரை காத்திருந்தோம்.

"தட்டம்மையும் இல்லை, ஒண்ணுமில்லை" என்றாள். "தொண்டைக்குள்ள இருக்கிறது ஒரு வைரஸ். நீங்க குடுத்த மருந்து வைரஸைத் தொடவே தொடாது. வைரஸ் மட்டும் இருந்திருந்தா காய்ச்சலோட போயிருக்கும். மாத்திரை மட்டும் உள்ள போயிருந்தா பெரும்பாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. ரெண்டும் ஒரே நேரத்துல உடம்புக்குள்ள சந்திச்சிருச்சு, அதான் தோல்ல இந்தக் கூத்து. மாத்திரையை நிறுத்திட்டீங்க இல்ல? தானா உரிஞ்சு உதிர்ந்துரும்."

எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. அதோடு அவள் வாயை மூடியிருக்கலாம். பக்கத்தில் நின்ற, டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளிடம் திரும்பி, "இதுக்கு நம்ம ஊர்ல என்ன பேரு?" என்று கேட்டாள். அதில் ஒருவன் இளித்துக்கொண்டே "முத்த நோய்" என்றான். எச்சிலில் பரவுமாம். எல்லோரும் இலிங்காவைப் பார்த்தார்கள். அந்தச் சிவப்பிலும் அவள் முகம் இன்னும் சிவந்ததைப் பார்த்தேன்.

வராந்தாவுக்கு வந்ததும் கேட்டேன், "யாருடி அவன்?" முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி கேட்டேன். "உங்களுக்கு எதுக்கு அத்தை?" என்றாள். அறைந்துவிட்டேன். அவள் சொல்லி நீ தெரிந்துகொள்வதற்கு முன் நானே எழுதுகிறேன். ஊர் என் பாலைக் கொட்டவைத்தது, ஊர் என்னை வேலிக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்தது, எல்லாம் இவள் எவனையோ முத்தமிட்டதற்கா என்று ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

அக்லாயா அறைக்குள்ளிருந்து ஓடிவந்தாள். "உங்களுக்குப் புத்தி இருக்கா? இந்தப் பொண்ணோட மண்ணீரல் வீங்கியிருக்கு. இடப்பக்கம் ஒரு அடி பட்டா, வழுக்கி விழுந்தா, உள்ளுக்குள்ளயே வெடிச்சு ரத்தம் கொட்டும். வேலை வாங்கக்கூடாது, எதையும் தூக்கவிடக்கூடாது, கை வைக்கவே கூடாது!" என்று அத்தனை நோயாளிகள் முன்னால் என்னைக் கிழித்தாள். கன்னத்தில்தானே அடித்தேன் என்றேன். "வாயைத் திறக்காதீங்க" என்றாள். ஐம்பத்தாறு வயதில் இப்படி ஒரு பேச்சு கேட்டேன்.

இப்போது திருப்திதானே? தாய் இல்லாத வீட்டில் பெண் வளர்ந்தால் இப்படித்தான். வந்து உன் மகளை அழைத்துக்கொண்டு போ.

வர்வரா

*

பாதுவா
20 பிப்ரவரி 2005

அக்கா என்று எழுத வரவில்லை. பெயர் எழுதவும் மனமில்லை.

என் மகளை அடித்தீர்கள். தோல் முழுக்க எரிந்துகொண்டிருந்தவளை, காய்ச்சல்காரியை, அந்நிய ஊரில் அந்நியர்கள் முன்னால் அடித்தீர்கள். முத்தமிட்டாள் என்பதற்காக! அவளுக்குப் பதினேழு வயது. நீங்கள் யாரையும் முத்தமிடாததற்கு அவள் என்ன செய்வாள்? இந்த வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை. இருக்கட்டும்.

ஒரே கிளாஸில் தண்ணீர் குடித்தாலும் அது பரவும் என்று இங்கே மருந்துக்கடைக்காரி சொன்னாள். அதைக் கேட்க உங்களுக்குப் பொறுமை இல்லை. சரி, முத்தம்தான் என்றே இருக்கட்டும். அதனால் என்ன?

"தாய் இல்லாத வீடு" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தம்பி மரம் விழுந்து செத்த அன்று, "நீ போய் சம்பாதி, பொண்ணை நான் பாத்துக்கறேன்" என்று சொன்னது யார்? நான் இங்கே அனுமதிக் காகிதம் இல்லாமல் இருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். எல்லையைத் தாண்டினால் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி, வருடக்கணக்கில் உள்ளே விடமாட்டார்கள். அது தெரிந்தே "வந்து அழைத்துக்கொண்டு போ" என்கிறீர்கள்.

இனி அவள் மேல் கை வைத்தால் முத்திரையாவது மண்ணாவது என்று கிளம்பி வருவேன். அவளைப் பாதிரியார் வீட்டில் விடுங்கள். நான் அவர் மனைவிக்கும் எழுதியிருக்கிறேன்.

ஸ்மரந்தா

*

யாஷ், ஆஸ்பத்திரி
3 மார்ச் 2005

ஸ்மரந்தா,

முதலில் இது. உயிரோடு இருக்கிறாள். கண் விழித்துவிட்டாள். தண்ணீர் கேட்டாள். இதை எழுதும்போது எனக்கு எதிரே தூங்குகிறாள்.

லாஸர் உனக்குப் போனில் பாதி சொல்லியிருப்பான். மீதியைச் சொல்கிறேன்.

பாதிரியார் வீட்டுக்குப் போகமாட்டேன் என்று, கூப்பிட வந்த அவர் மனைவியிடம் அவளேதான் சொன்னாள். "இவங்க வீட்டுலயும் அவங்க வீட்டுலயும் மாத்தி மாத்தி வைக்க நான் என்ன பூனையா?" என்றாள். சிவப்பு வடிந்து, தோல் செதில் செதிலாய் உரிந்து, உள்ளிருந்து புதுத் தோல் வந்திருந்தது. பார்க்க நன்றாக இருந்தாள். ஆனால் என்னோடு பேச்சு இல்லை. நான் அறைந்ததற்குப் பிறகு, வைத்த சாப்பாட்டைச் சாப்பிடுவாள், தட்டைக் கழுவி வைப்பாள், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை நான் கன்று போட்ட பசுவோடு தொழுவத்தில் இருந்தேன். அவள் பால் கேனைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்குவதைப் பார்த்தேன். "வெச்சிருடி! தூக்காதேன்னு டாக்டர் சொன்னாங்க இல்ல?" என்று கத்தினேன். "உங்க சோத்தைச் சும்மா தின்ன மாட்டேன்" என்றாள். என்னோடு அவள் பேசிய முதல் பேச்சு அது. படியில் பனி உறைந்திருந்தது. வழுக்கினாள். கேன் அவள் இடப்பக்கம் மோதியது.

எழுந்து உட்கார்ந்து சிரிக்கக்கூடச் செய்தாள். பாலெல்லாம் போச்சே என்றாள். கொஞ்ச நேரத்தில் இடது தோள் வலிக்கிறது என்றாள். விழுந்தது விலாவில், வலிப்பது தோளில், என்னடா இது என்று பார்த்தால் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டது. லாஸரின் வேனில் பார்சல்களை வீதியில் இறக்கிப் போட்டுவிட்டு அவளைப் படுக்கவைத்தோம். ப்ரொஃபீராவும் ஏறி வந்தாள், இலிங்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் இலிங்கா "அம்மா" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. "அத்தை, கையை விட்டுடாதீங்க" என்றாள்.

மண்ணீரல் கிழிந்திருந்தது. எடுத்துவிட்டார்கள்.

அவளை நான் தள்ளவில்லை. இதை உனக்குச் சொல்கிறேனா, எனக்கே சொல்லிக்கொள்கிறேனா தெரியவில்லை. ஆனால் வாயைத் திறந்து பேசுகிற வீடாக இருந்திருந்தால் அவள் அந்தக் கேனைத் தூக்கியிருக்கமாட்டாள். நீ என்ன வேண்டுமானாலும் எழுது. அடிக்காமல் விட்ட வரிகளையும் சேர்த்து எழுது.

வர்வரா

*

பாதுவா
6 மார்ச் 2005

வர்வரா அக்கா,

திட்டுவதற்குத் தாள் போதாது. அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

இன்று காலை பையைக் கட்டி வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். பியெரினா அம்மாளின் மகன் தெருவரை வந்து கத்தினான், காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிளம்புவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். நர்ஸ் அவள் காதருகே போனைப் பிடித்தாள். "வராதம்மா" என்றாள். குரலே இல்லை. "வந்தா திரும்பப் போக முடியாது. என்னால உன் வேலை போச்சுன்னு இருக்க வேண்டாம். நீ வந்தா நான் உன்கூடப் பேசமாட்டேன்."

இந்தப் பிடிவாதம் யாருடையது? என்னுடையது பாதி, உங்களுடையது பாதி.

இறங்கிவிட்டேன். லாஸர் எதுவும் கேட்காமல் வண்டியை எடுத்துவிட்டான். பை வண்டியிலேயே போய்விட்டது. மாற்றுத்துணி இல்லாமல் இந்த வீட்டுக்குத் திரும்பி வந்து, பியெரினா அம்மாளின் பழைய கவுனைப் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன்.

உங்கள் மேல் உள்ள கோபம் குறையவில்லை. இப்போது என் மேலும் வந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், அவள் தோலில் பார்த்தவர் நீங்கள்தானே.

ஸ்மரந்தா

*

போயெனி
21 ஏப்ரல் 2005

ஸ்மரந்தா,

பை வந்தது. நீ வரவில்லை. அதனால் இத்தனை நாள் எழுதவில்லை. இலிங்கா உன்னோடு போனில் பேசுகிறாள், அது போதும் என்று விட்டுவிட்டேன். அவள் "வராதே" என்றாளாம், இவள் இறங்கிவிட்டாளாம்! ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடக்கிற பெண் வராதே என்றால் வரக்கூடாது என்றா அர்த்தம்? உன் பையைக் கட்டிக்கொண்டு அவள் படுத்திருந்ததைப் பார்த்தவள் நான். அதிலிருந்த உன் கம்பளிச் சட்டையைத் துவைக்கவிடவில்லை.

இப்போது விஷயம். போனில் இதை அவள் உன்னிடம் சொல்லமாட்டாள்.

மண்ணீரல் இல்லாதவர்களுக்கு சாதாரணக் காய்ச்சல் என்று ஒன்று கிடையாதாம். சில கிருமிகள் உள்ளே போனால் சில மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடுமாம். அதற்காகத் தினமும் ஒரு மாத்திரை, வருடக்கணக்கில். எந்த மாத்திரை தெரியுமா? அதே வகைதான். நீ அனுப்பினாயே, அதன் உறவுக்கார மருந்து. ஆனால் அட்டையில் ஊர் டாக்டர் சிவப்பு மையில் எழுதியிருக்கிறானே, யார் கொடுப்பார்கள்? அறுவை சிகிச்சை செய்தவர்கள் பயந்துகொண்டு வேறு ஏதோ கொடுத்தார்கள். அது அவள் வயிற்றைப் புரட்டிப் போட்டது. நான் அக்லாயாவின் அறை வாசலில் போய் உட்கார்ந்தேன். என்னைத் திட்டினவள்தான். போனேன்.

"அன்னிக்கு வந்தது வைரஸும் மருந்தும் சேர்ந்ததால வந்தது. வைரஸ் அடங்கின பிறகு இதே மருந்து அவளுக்கு ஒத்துக்க நிறைய வாய்ப்பு இருக்கு. ஆனா அனுமானத்துல குடுக்கமாட்டேன், இங்க வெச்சு, கண் முன்னால குடுத்துப் பார்ப்பேன்" என்றாள்.

திங்கட்கிழமை கொடுத்தார்கள். முதலில் துளி அளவு. பிறகு கொஞ்சம். பிறகு முழுதாக. பக்கத்தில் ஊசி, குழாய், எல்லாம் தயாராக. அந்த மாத்திரையை நர்ஸ் உள்ளங்கையில் கொண்டுவந்தபோது கண் கொட்டாமல் அதையே பார்த்தேன். இலிங்கா வாங்கிப் போட்டுக்கொண்டு, "என்ன அத்தை, பேய் மாதிரி முழிக்கிறீங்க?" என்றாள். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். மச்சத்தைக்கூடப் புள்ளியோ என்று தேய்த்துப் பார்த்தேன். "அது பொறந்ததுலேர்ந்தே இருக்கு" என்று சிரித்தாள்.

தடிப்பு உடனே வராவிட்டாலும் பிறகு வரலாம் என்று மூன்று நாள் வைத்திருந்தார்கள். தவக்காலம், கறி தொடக்கூடாது. ஆனாலும் நான் கோழி வாங்கி சூப் வைத்து எடுத்துப் போனேன், அவளோடு உட்கார்ந்து நானும் குடித்தேன். பாதிரியார் மனைவி கேட்டாள், "நீங்களுமா வர்வரா?" நானும்தான் என்றேன்.

ஒன்றும் வரவில்லை, ஸ்மரந்தா. ஒரு தடிப்புகூட இல்லை. அக்லாயா புது அட்டையில் தன் கையெழுத்தோடு எழுதிக் கொடுத்திருக்கிறாள். பழையதை ஊர் டாக்டர் மேசையில் கொண்டுபோய்ப் போட்டேன். அன்று வாசலில் நின்று அவன் கத்திய அதே அளவு சத்தமாகக் கத்தினேன். காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள்.

அவளை அறைந்ததற்காக நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. அவளிடம் கேட்டேன். அவள் என்ன சொன்னாள் என்பது எனக்கும் அவளுக்கும்.

ஆனால் இதைக் கேள். இனி அவளுக்கு ஒவ்வொரு காய்ச்சலும் ஆபத்து. எனக்கு வயதாகிறது. ஒரு நாள் நான் மாடுகளோடு வயல் பக்கம் இருப்பேன், அவள் அறையில் சுருண்டு கிடப்பாள், லாஸர் இத்தாலியில் இருப்பான். எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த வார்த்தையை உன் புருஷன் செத்தபோதுகூட நான் சொன்னதில்லை.

வர்வரா

*

பாதுவா
24 ஏப்ரல் 2005, ஞாயிறு

வர்வரா அக்கா,

இந்தக் கடிதத்தை லாஸர் உங்களிடம் கொடுக்கும்போது நான் அவனுக்குப் பின்னால் வேனில் இருப்பேன். எல்லையில் முத்திரை குத்துவார்கள். குத்தட்டும்.

பியெரினா அம்மாளிடம் சொன்னபோது அவர் அதே கெட்ட வார்த்தையைச் சொன்னார். பிறகு என் கையைப் பிடித்து, இன்னும் முன்பே போயிருக்க வேண்டும் என்றார். அவர் மகன் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறான்.

நான் சமாதானமாக வரவில்லை. நீங்கள் அவளை அறைந்ததை நான் மறக்கப்போவதில்லை. நான் வேனிலிருந்து இறங்கியதை நீங்கள் மறக்கப்போவதில்லை. இரண்டையும் பற்றி நாம் கத்த வேண்டியிருக்கிறது. ஊர் கேட்டால் கேட்கட்டும், ப்ரொஃபீரா வேலியோரம் நாற்காலி போட்டு உட்காரட்டும்.

ஆனால் வாசலில் ஆரம்பிக்காதீர்கள். முதலில் வழியை விடுங்கள், நான் உள்ளே போய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

ஸ்மரந்தா